துளி மணிக்கு ரப்பர் போடுவதில்லை

ஜனவரி 6

என் கடுகுக்கு,

அம்மா எழுதுவது. நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன் கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். ஒரு பக்கம் கண்ணாடிக் கடை. அரைப் பக்கம் விடுதிக் குழாயில் தண்ணீர் வராதது. என் மகள் அதில் எங்கே இருக்கிறாள்?

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அவர் சட்டை இன்னும் அந்த ஆணியில்தான் தொங்குகிறது. போன வாரம் துவைத்துப் போட்டேன். துவைத்திருக்கக் கூடாது. வாசனை போய்விட்டது. நெஞ்சைத் தடவுகிறீர்களே, என்ன என்று கேட்டபோதெல்லாம் "ஒண்ணுமில்ல" என்றார். கடைசி நாள் காலையிலும் அதைத்தான் சொன்னார். நீ அந்த வார்த்தையை எனக்கு எழுதாதே. தலைவலி என்றால் தலைவலி என்று எழுது.

போனில் பேசலாமே என்கிறாய். பதினேழு வருஷம் தறி ஓடிய அறையில் நின்றவள் நான். போனைக் காதில் வைத்தால் இன்னும் தறிதான் ஓடுகிறது. எதிரில் ஆள் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். போனில் உதடு இல்லையே. டெய்லரக்காவின் பெரிய போனில் முகம் தெரியும்தான், ஆனால் அவளிடம் ஒன்றைச் சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அதனால் எழுது.

இப்போது வேலை சுலபம். தோடுகளை ஜோடி சேர்த்து, பொடி ரப்பர் வளையம் போட்டு, அட்டையில் குத்த வேண்டும். உட்கார்ந்த வேலை. சத்தமே இல்லை. இருந்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, அது வேறு விஷயம்.

போட்டோ வந்தது. டெய்லரக்கா பார்த்துவிட்டு, "உம் மக ஏண்டி எல்லாப் போட்டோலயும் மிட்டாயை ஒளிச்சு வச்சவ மாதிரி நிக்கறா?" என்றாள். வாயைத் திறந்து சிரித்தால் என்ன குறைந்துவிடும்? அந்த முன்பல் இடைவெளி என்னுடையது, உனக்கு வந்திருக்கிறது. அப்பாவுக்கு அது பிடிக்கும். உன் சிரிப்புக்கு ஜன்னல் வைத்திருக்கிறது என்பார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா

--

ஜனவரி 14

காது கேளாத மகாராணிக்கு,

கடுகு எழுதுவது. உன் மகள் இந்தக் கடிதத்தில் இருக்கிறாள், பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கிறது. தலைவலி இல்லை. ஒரு கிலோ ஏறியிருக்கிறேன். போதுமா?

நான் இன்னும் உள் அறையில்தான் லென்ஸ் தேய்க்கிறேன். வெளியே வாடிக்கையாளர்களுக்கு பிரேம் காட்டும் இடத்துக்கு ஒரு ஆள் வேண்டுமாம். எனக்கு எல்லா பிரேமும் தெரியும், யார் முகத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்ததும் சொல்வேன். முதலாளியம்மாவிடம் கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "மார்ச்ல புது போர்டுக்கு எல்லாரையும் போட்டோ எடுக்கப் போறோம். அதுல நீ எப்படி வர்றேன்னு பாப்போம். வாயை மூடிக்கிட்டே சிரிச்சுப் பழகு. உன் முகத்துல மொதல்ல பல்லுதான் கண்ணுல படுது" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். வாயைத் திறந்துதான் சிரித்தார்கள், அவர்களுக்கு என்ன.

பல் டாக்டரிடம் போனேன். ஒன்றரை வருஷம் கம்பி கட்ட வேண்டுமாம். மார்ச் மாதப் போட்டோவுக்கு ஒன்றரை வருஷமா? எழுந்து வந்துவிட்டேன். அப்பாவுக்கு ஜன்னல் பிடித்திருக்கலாம். அவரா எனக்கு வேலை தரப் போகிறார்? கோபப்படாதே, சும்மா எழுதினேன்.

ஒரு உதவி. உன் வேலையில் பொடி ரப்பர் வளையம் என்றாயே, அதில் ஒரு கை அனுப்புகிறாயா? முடியைச் சின்னச் சின்னதாகப் பின்னிக் கட்ட வேண்டும். இங்கே கடையில் கிடைப்பதெல்லாம் தடிமன்.

உன் கடுகு

--

ஜனவரி 22

கடுகு,

மாத்திரை டப்பா ஒன்றில் ரப்பர் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நூறுக்கு மேல் இருக்கும். எங்கள் பிரிவு மேற்பார்வைக்காரியிடம் கேட்டுத்தான் எடுத்தேன். "உம் பொண்ணு இந்த வயசுல பொம்மைக்கா தலை பின்றா?" என்று கேட்டாள். ஆமாம், அந்தப் பொம்மை அவளேதான் என்றேன். அந்தம்மா சிரித்து நான் பார்த்ததில்லை, அன்றைக்குச் சிரித்துவிட்டாள்.

நிறமில்லாத ரப்பராகப் பார்த்துப் பொறுக்கினேன். முடியில் வெளியே தெரியாது.

உன் முதலாளியம்மா சொன்னதை டெய்லரக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் கத்தரிக்கோலோடு பஸ் ஏறிவிடுவாள். ஆனால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நான் அந்தப் பல்லோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டேன். என்னை யாரும் போர்டில் போடவில்லை, அதனால் தெரியவில்லை போல.

முடியை இறுக்கிக் கட்டாதே. வேரில் வலிக்கும்.

அம்மா

--

பிப்ரவரி 18

அம்மா,

இதை உட்கார்ந்து படி. திட்டுவதாக இருந்தால் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

இடைவெளி மூடிவிட்டது. நிஜமாக. ஒரு நூல் அளவுதான் பாக்கி.

ரப்பர் முடிக்கு இல்லை. அது மட்டும் பொய். போனில் ஒரு அண்ணன் வீடியோ போடுகிறார். எல்லாரும் அவரைச் சிரிப்பண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். முன்பல் இரண்டையும் சேர்த்து ஒரு பொடி ரப்பர் வளையம் மாட்டினால் போதும், இரண்டு பல்லும் தானாக நெருங்கிவிடும், டாக்டர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள் என்றார். அவர் பல்லிலேயே மாட்டிக் காட்டினார். லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். நான்கு நாள் இறுக்கமாக வலித்தது, பிறகு பழகிவிட்டது. உன்னிடம் முதலிலேயே சொல்லியிருந்தால் ரப்பர் அனுப்பியிருப்பாயா? மாட்டாய்.

ஒரே ஒரு நாள் பயந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் வளையத்தைக் காணோம். தலையணை, போர்வை எல்லாம் உதறிப் பார்த்தேன். வீடியோவுக்குக் கீழே எழுதிக் கேட்டேன். "தூக்கத்துல முழுங்கியிருப்பீங்க சிஸ்டர், வயித்துலேர்ந்து தானா வெளிய வந்துடும், புதுசு மாட்டுங்க" என்று அண்ணனே பதில் போட்டார். எவ்வளவு பெரிய ஆள், எனக்குப் பதில் போட்டிருக்கிறார். புதிதாக ஒன்று மாட்டினேன். பத்து நாளில் அதுவும் காணாமல் போனது. அதற்குள் வேலை முடிந்துவிட்டதே.

முந்தாநாள் பல் தெரியச் சிரித்துப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். அவர் அதை எல்லாருக்கும் காட்டியிருக்கிறார். இரண்டாயிரம் பேர் என் சிரிப்பைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா, இரண்டாயிரம் பேர்.

மார்ச் 12 கடைப் போட்டோ. நீ சந்தோஷப்படுவாய்தானே?

கடுகு

--

பிப்ரவரி 23

கடுகு,

நான் திட்டப் போவதில்லை. சொல்வதை மட்டும் கேள். இதைப் படித்த உடனே பல் டாக்டரிடம் போ. நாளைக்கு இல்லை, இன்றைக்கு.

அந்த ரப்பரை நீ முழுங்கவில்லை. எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். எங்கள் பிரிவில் துளி மணி என்று ஒரு தோடு வரும். மேலே தடிமன், கீழே போகப் போக ஒல்லி, தண்ணீர்த் துளி மாதிரி. மற்ற எல்லாத் தோட்டுக்கும் ரப்பர் போடுவோம், துளி மணிக்குப் போடுவதில்லை. கம்பிதான் கட்டுவோம். தடிமனான இடத்தில் ரப்பரை மாட்டினால் அது அங்கே நிற்காது. ஒல்லியான பக்கத்தைத் தேடித் தானாக நகரும். யாரும் தொட வேண்டாம். காலையில் மாட்டி வைத்தால் சாப்பாட்டு மணிக்குள் நுனிக்குப் போயிருக்கும். வேலைக்கு வந்த முதல் நாளே இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

நீ வயிற்றில் இருந்தபோது எனக்கு ஒரு பல் பிடுங்கினார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே தெரிவதுதான் தடிமன். உள்ளே ஈறுக்குள் இருக்கும் வேர் போகப் போக ஒல்லி. பல்லும் துளி மணிதான் கடுகு. மேல்பல் என்றால் வேர் மேலே பார்த்து இருக்கும்.

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போய் இரண்டு துளி மணியைச் சேர்த்து நடுவில் ஒரு ரப்பர் மாட்டினேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்ற வேலையைச் செய்தேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நகர்ந்தது. அவசரமே இல்லாமல் நகர்ந்தது. மேற்பார்வைக்காரி வந்து என் தோளைத் தொட்டாள். என் முகத்தைப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். நுனிக்குப் போயிருந்த ரப்பரைக் காட்டினேன்.

அது உன் வயிற்றுக்குப் போகவில்லை. மேலே ஏறியிருக்கிறது. ஒன்று இல்லை, இரண்டு. இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. அதைப் போட்டதால்தான் பல் நெருங்கியது, அது உள்ளே போனதும் வெளியே எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கிறது. ஈறு சிவந்திருக்கிறதா? பல் முன்னைவிட நீளமாகத் தெரிகிறதா? விரலால் தொட்டால் ஆடுகிறதா? ஆடினால் அழுத்திப் பார்க்காதே.

டெய்லரக்காவிடம் ஓடினேன். தெரு முழுக்கத் தெரிந்தாலும் பரவாயில்லை என்றுதான் போனேன். அவள் உனக்கு போன் போட்டாள். பேசி முடித்து, துணி வெட்டும் பலகையில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினாள். "ஒண்ணுமில்லையாம்."

கடுகு, அந்த வார்த்தையை எழுதாதே என்று உனக்குச் சொன்னேனே. அவளை விட்டு எழுத வைத்துவிட்டாய்.

டாக்டரிடம் போ. ரப்பர் போட்டேன் என்று அவரிடம் சொல்ல வெட்கப்படாதே. எங்கம்மாதான் அனுப்பினாள் என்று சொல்லு. பழியை என் மேல் போடு. போனால் போதும்.

அம்மா

--

மார்ச் 5

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்தது. நீ ரொம்பப் பயப்படுகிறாய். பல்லும் தோடும் ஒன்றா?

ஈறு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ கேட்ட மாதிரி பல் கொஞ்சம் நீளமாகத்தான் தெரிகிறது. ஆடுகிறது, ஆனால் கொஞ்சம்தான். அண்ணனிடம் கேட்டேன். பல் நகரும்போது அப்படித்தான் இருக்குமாம். உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார், கிராம்புத் தைலம் தடவச் சொன்னார். ஈறில் ஒரு கொப்புளம் வந்தது, அதை ஊசியைச் சுட்டுக் குத்திவிட்டால் அழுத்தம் இறங்கும் என்று இன்னொரு வீடியோவில் இருந்தது. குத்தினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. என் அறையில் இருக்கும் கணக்கு டீச்சர் என்னைப் பார்த்தாலே திட்டுகிறாள். உன் ஆள் அவள்.

நேற்றிலிருந்து மூக்குப் பக்கம் கனமாக இருக்கிறது. மேல் உதடு தடித்திருக்கிறது. இடது கண் இமையும் கொஞ்சம். குளிர் எடுக்கிறது. ஜலதோஷம் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு வாரம் அம்மா. 12ஆம் தேதி போட்டோ. இப்போது டாக்டரிடம் போனால் எதையாவது பிடுங்கி வைப்பார், ஓட்டைப் பல்லோடு நான் எப்படி நிற்பது? 13ஆம் தேதி காலையில் போகிறேன். உன் மேல் சத்தியம்.

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். குனிந்தால் தலை இடிக்கிறது.

கடுகு

--

மார்ச் 9

கடுகு,

டெய்லரக்கா இந்தக் காகிதத்தைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறாள். தபாலுக்கு நேரமில்லை.

கண் வீங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பல்லுக்குப் போட்ட ரப்பருக்குக் கண் ஏன் வீங்க வேண்டும்? நீ படித்தவள், யோசிக்க மாட்டாயா? அது எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கிறது.

டீச்சரம்மா, இதை நீங்கள் பார்த்தால் அவளைத் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவள் அழுதாலும் விடாதீர்கள். உங்களை முன்னே பின்னே தெரியாது, கும்பிட்டுக் கேட்கிறேன்.

நான் பஸ் ஏறிவிட்டேன் என்று நினைத்துக்கொள். நாளை மதியத்துக்குள் வந்துவிடுவேன். கடுகு, போர்டு கிடக்கட்டும். வேலை கிடக்கட்டும். பல் எல்லாம் போனாலும் போகட்டும், பொக்கை வாயோடு வா. நான் சோறு குழைத்துத் தருகிறேன்.

அம்மா

--

ஏப்ரல் 19

என் கடுகுக்கு,

அம்மா எழுதுவது.

உனக்கு எழுதி நாற்பது நாள் ஆகிறது. எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. இருந்தாலும் வேறு யாருக்கும் எழுதிப் பழக்கமில்லை.

நான் வருவதற்கு முன்பே டீச்சர் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். காகிதத்தைப் பார்த்தவுடன் கூட்டிப்போனாளாம். நீ போட்டோ போட்டோ என்று சொல்லிக்கொண்டே போனாயாம். நான் உள்ளே வந்தபோது உன் இடது கண் வெளியே தள்ளியிருந்தது. வலது கண்ணும் மூடத் தொடங்கியிருந்தது. நீ என்னைப் பார்த்து ஏதோ சொன்னாய். இரண்டு மூன்று முறை சொன்னாய். உன் உதடு அவ்வளவு வீங்கியிருந்தது, அதில் என்னால் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. சரி சரி என்று தலையாட்டினேன். எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்கே தெரியாது. மறுநாளிலிருந்து நீ பேசவில்லை.

டாக்டர் எனக்காகப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். ரப்பர் ஈறுக்குள் ஏறி வேர் நுனிவரை போய்விட்டது, வழியில் எலும்பைத் தின்றுவிட்டது. சீழ் பிடித்தது. ஊசியால் குத்தியது இன்னும் கெடுதல். முகத்தில் அந்த இடத்து ரத்தக் குழாய் நேராகக் கண்ணுக்குப் பின்னால் போகிறது, அங்கிருந்து மூளைக்கு. இப்படி ஆவது அபூர்வம், ஆனால் ஆகும் என்று எழுதினார். எத்தனை நாள் முன்னால் வந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். முதல் ரப்பர் காணாமல் போன அன்றைக்கு என்று எழுதினார்.

வெளியே எடுத்த வளையங்களைக் காட்டினார்கள். இரண்டு. நிறமில்லாதது. நான் பொறுக்கியது.

நீ போனது ஆறாம் நாள். அதை எழுத மாட்டேன்.

ஊருக்கு வந்து வேலைக்குப் போனேன். மேற்பார்வைக்காரி ஒன்றும் கேட்காமல் என்னைக் கம்பி கட்டும் மேசைக்கு மாற்றிவிட்டாள். பக்கத்து மேசையில் யாராவது ரப்பர் டப்பாவைத் திறந்தால் எழுந்து குழாயடிக்குப் போய்விடுகிறேன். டெய்லரக்கா இப்போதெல்லாம் தெருவில் என்னைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. பேசினாலாவது நன்றாக இருக்கும்.

உன் போனை டீச்சர் கொடுத்தாள். எப்படித் திறப்பது, எப்படி எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். வேறு எதையும் நான் பார்ப்பதில்லை. அந்தச் சிரிப்பண்ணன் இடத்துக்குத்தான் போகிறேன். உன் போட்டோ இன்னும் அங்கே முதலில் இருக்கிறது. உன் சிரிப்பு. அவன் அதை எடுத்துத் தன் வீடியோவிலேயே வைத்திருக்கிறான், என்னால் அழிக்க முடியாதாம். இரண்டாயிரம் இப்போது ஒன்பதாயிரம் ஆகியிருக்கிறது. கீழே சின்னப் பெண்கள் எழுதுகிறார்கள். இந்த அக்கா மாதிரி எனக்கும் ஆகணும். எந்த ரப்பர், எத்தனை நாள். நீ செத்ததற்குப் பிறகும் உன்னை வைத்துக் கூப்பிடுகிறான் கடுகு.

ஒரு விரலால் தேடித் தேடி எழுதினேன். "இந்தப் பெண் இப்போது உயிரோடு இல்லை. நான் அவள் அம்மா. ரப்பர் போடாதீர்கள்." மறுநாள் பார்த்தால் இல்லை. மறுபடி எழுதினேன். மறுபடி இல்லை. நான்கு முறை. இப்போது எழுதவே விடவில்லை.

முந்தாநாள் உன் பேருக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. ஒன்பதாவது படிக்கும் பெண்ணாம். "அக்கா, என் ரப்பரும் காணோம். தேடிட்டேன். உங்களுக்கும் அப்படி ஆச்சுன்னு எழுதியிருந்தீங்க. பயமா இருக்கு" என்று எழுதியிருந்தாள்.

தண்ணீர் குடித்துவிட்டு எழுதினேன். உன் அம்மாவிடம் சொல்லு, இன்றைக்கே டாக்டரிடம் போ, அது உள்ளேதான் இருக்கிறது என்று எழுதினேன். துளி மணியைப் பற்றியும் எழுதினேன். உன்னைப் பற்றியும், ஆறு நாளைப் பற்றியும் எழுதினேன். மூன்று மணி நேரம் ஆனது எழுதி முடிக்க.

பதில் வந்தது. "நீங்க யாரு? அக்காவோட போனை வச்சு விளையாடாதீங்க. அக்கா நல்லாத்தான் இருக்காங்க, போட்டோ பாத்தேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க. எனக்கு இப்ப வலியும் இல்ல. ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல என்று எழுதியிருக்கிறாள் கடுகு.

அவள் எந்த ஊர் என்று தெரியாது. பேர்கூட ஏதோ பூவின் பேராகத்தான் போட்டிருக்கிறாள். பஸ் ஏறிப் போக எனக்கு இடம் இல்லை. இந்தப் போன் மட்டும்தான் இருக்கிறது. நேற்று முழுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்கு எழுதிய பிப்ரவரிக் கடிதத்தை உன் பையிலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். எல்லாவற்றையும் அதில் சொல்லித்தான் இருக்கிறேன். கெஞ்சியிருக்கிறேன், பயமுறுத்தியிருக்கிறேன், பழியை என் மேல் போடு என்றும் எழுதியிருக்கிறேன். அது உன் கைக்கு வந்த அன்று உனக்கு இன்னும் நேரம் இருந்தது. நீ படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டாய்.

அவள் இன்று பள்ளிக்கூடம் போயிருப்பாள். சாயங்காலம் போனைப் பார்ப்பாள். அதற்குள் எழுத வேண்டும். அவளுக்கு நான் யாரோ. உனக்கு நான் அம்மா, நான் சொல்லியே நீ கேட்கவில்லை.

கடுகு, அந்தக் கடிதத்தில் நான் என்ன எழுதியிருந்தால் நீ அன்றைக்கே டாக்டரிடம் போயிருப்பாய்?